பிரசாதமாகிப் போன பூசணி மஃபின்

அன்புள்ள தம்பி,

நான் இனிச் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். சாமித்தட்டின் மேல் வலது கையை வைத்து இந்த வாக்குறுதியை உனக்குத் தருகிறேன். ஹவுன்ஸ்லோவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தேம்ஸ் நதிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரையை உரசுவதுபோல் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும் விமானங்களில் இருப்பவர்களுக்கு இது கேட்டால், தரையைத் தொடாமலே திரும்பிப் போய்விடுவார்கள். லீட்ஸில் இருக்கும் என் மகன், நீயும் நம்பமாட்டாய். ஆனால் வருகிற தை மாதம் நீ மதுராவின் கழுத்தில் தாலி கட்டப்போகிறாய். அதற்கு முன் இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால், மணவறைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நிற்கிற தகுதி எனக்கு இல்லை. விஷயம் ஒரு மஃபினைப் பற்றியது. புரட்டாசி பிறந்ததும் இங்கே கடை வாசல்களில் மலைமலையாகக் குவிக்கிறார்களே, நான்கு நான்காகப் பெட்டியில் அடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் சுற்றி, அந்தப் பூசணி மஃபின்.

உனக்குத் தெரியும், நான் இருபத்திரண்டு வருடம் விமானத்துக்குச் சாப்பாடு அடுக்கும் கூடத்தில் வேலை செய்தவன். உலகத்தில் பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு என் கையால்தான் போனது. மிச்சப் பாதி விமானத்தில் ஏறாதவர்கள். கடைசிப் பத்து வருடமும் என் வேலை சாப்பாடு நகர்ந்து வரும் பட்டியின் பக்கத்தில் நின்று உறைகளைப் பார்ப்பது. திகதி சரியா, தடித்த எழுத்தில் கோதுமை, பால், முட்டை என்று போட்டிருக்கிறதா, அவ்வளவுதான். அந்த எழுத்துகளை நான் வாசித்த அளவுக்குத் தேவாரத்தை வாசித்திருந்தால் இன்றைக்கு எனக்கே ஒரு கோயில் கட்டியிருப்பார்கள். ஆனால் உறையின் மற்றப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்: இவ்வளவு சீனி, இவ்வளவு கொழுப்பு, இவ்வளவு உப்பு. அதை நான் அங்கே ஒருநாளும் வாசித்ததில்லை. அது என் வேலை இல்லை. பெட்டி நசுங்கினவற்றை ஷிப்ட் முடியும்போது எங்களுக்கே தந்துவிடுவார்கள். நான் தோளில் ஒரு பையோடு தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் 'மஃபின் மாமா' என்று கத்திக்கொண்டு ஓடிவரும். சக்கரவர்த்திகள் யானை மேலிருந்து பொன் எறிவது போல நான் மஃபின் எறிந்துகொண்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா தேத்தண்ணி ஊற்றுவாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பூசணி மஃபின் வரும் மாதங்களில் எங்களுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. மரக்கறி சாப்பிடுகிறோம் என்ற பெருமை.

நீ எட்டு வயதில் படித்த பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் இனிப்புப் பண்டம் வைக்கவேண்டாம் என்று ஒரு கடிதம் தந்துவிட்டார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நேரே போனேன். "இது பூசணி, மிஸ். எங்கள் ஊரில் இதைக் கறி வைக்கிறது" என்று பத்து நிமிடம் வழக்காடினேன். அந்த ஆசிரியை உறையைத் திருப்பி, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து என்னிடம் தந்தார். நான் பார்த்தேன். அரை மஃபினுக்கு மூன்றரைத் தேக்கரண்டி சீனி. அரை மஃபினுக்கு, தம்பி. பூமி உருண்டையாகி இத்தனை காலத்தில் எவனாவது அரை மஃபின் சாப்பிட்டு எழும்பினதை யாராவது கண்டதுண்டா? முழுதுக்கும் ஏழு. சேர்த்தவற்றின் பட்டியலில் சீனி, மா, எண்ணெய், முட்டை எல்லாம் பல்லக்கில் போக, பூசணி உப்புக்குச் சற்று மேலே, தேர் வடம் பிடிக்க வந்தவர் போல நின்றது. எனக்குக் காது சுட்டது. உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வழியில் நீ கேட்டாய்: "அப்பா, மிஸ் என்ன சொன்னவ?" நான் சொன்னேன்: "மன்னிப்புக் கேட்டவ." அடுத்த நாளும் உன் பெட்டியில் மஃபின் வைத்தேன். அன்றைக்கே என் வியாதி என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கம் வந்தால் எனக்கு வாயில் கதை வருகிறது.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், டொக்டர் சொல்லில் நீரிழிவு, வந்தது நீ பல்கலைக்கழகம் போன வருடம். அதற்கு மஃபின்தான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. அவளுடைய தகப்பனுக்கும் இருந்தது, தமக்கைமாருக்கும் இருக்கிறது. என்றாலும் இருபது வருடம் பின்னேரத்தில் அவள் முன்னால் தட்டை வைத்தது நான். குளிசை தந்தார்கள். சீனியைக் குறைக்கிற குளிசை, சாப்பாட்டோடு போடவேண்டியது. இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு பிழை வருகிறது. கந்த சஷ்டி வந்தால் அம்மா ஆறு நாளும் விரதம். பகல் முழுவதும் தண்ணீர், பின்னேரம் பாலும் பழமும். ஆனால் குளிசையை மட்டும் காலையில் தவறாமல் போடுவாள். "மருந்து விரதத்தை முறிக்காதப்பா" என்பாள். முறிக்காதுதான். வெறும் வயிற்றில் அந்தக் குளிசை முறிக்கிறது வேறு ஒன்றை: ரத்தத்தில் மிச்சம் இருக்கிற சீனியையும் வழித்துவிடும். அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கிளினிக்கில் கேட்பதற்கும் எங்களுக்கு விருப்பமில்லை. கேட்டால் விரதம் இருக்கவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா?

போன வருடம் விரதத்தின் ஐந்தாம் நாள், பகல் மூன்று மணி இருக்கும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்து, "பஸ் வந்திட்டுதோ?" என்று கேட்டாள். "எந்த பஸ்?" என்றேன். சிரித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. கதிரையில் இருத்தினேன். அப்போது என் கோட்டுப் பையில் ஒரு பூசணி மஃபின் இருந்தது. வேலையை விட்டபிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் விரதம் இருக்கும் நாட்களில் ஒளித்துச் சாப்பிடுவேன், அதையும் எழுதிவிடுகிறேன். சீனி குறைந்திருக்கிறது என்று மட்டும் எனக்குப் பட்டது. மஃபினை வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயை இறுக்கி மூடினாள்.

"முட்டை போட்டதெல்லே?"

அந்த நிலையிலும் அவளுக்கு அது தெரிந்தது. எனக்கும் தெரியும். அந்த எழுத்தைப் பத்து வருடம் காவல் காத்தவன் நான். ஆனால் நான் சொன்னேன்: "இல்லையப்பா. இது கோயில்ல தந்தது. பூசினிக்காய்ப் பிரசாதம். சாப்பிடும்." முருகா என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். பாதி சாப்பிட்டாள். பிறகு வாயில் இருந்ததை மென்று விழுங்க மறந்துபோனாள், தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் நான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். இந்த வரிசையைப் பார், தம்பி. முதலில் பொய், பிறகு மஃபின், பிறகு ஆம்புலன்ஸ்.

வந்தது ஒரு சின்னப் பெண். உன்னிலும் இளையவள். விரலில் குத்திப் பார்த்தாள், நாலுக்கு மேல் இருக்கவேண்டிய சீனியைக் கருவி மூன்றுக்குக் கீழே காட்டியது. வாயில் இருந்ததை வழித்தெடுத்து, கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் களியைத் தடவித் தேய்த்தாள். இன்னும் ஏதோ ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்து, "ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டாள். பிறகு அந்தப் பெண் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். உறையைக் காட்டினேன். அவள் ஏசவில்லை. இப்படியான நேரத்தில் இதில் உள்ள எண்ணெய் சீனியை மெதுவாகத்தான் உடம்புக்குள் விடும் என்றாள். பழச்சாறு, சீனி கரைத்த தண்ணீர், குளுக்கோஸ் வில்லை, இவைதான் முதலில். ஆள் தெளிந்தபிறகுதான் பிஸ்கட்டோ பாணோ. விழுங்கமுடியாதவர் வாயில் ஒன்றுமே வைக்கக் கூடாது, புரைக்கேறிப் போய்விடும், உடனே எங்களைக் கூப்பிடு. அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் தோடம்பழச்சாறு இருந்தது. பழச்சாற்றுக்கு விரதத்தில் தடையும் இல்லை. பொய் தேவைப்பட்டே இருக்காது. கையில் இருந்ததைக் கொடுத்தேன், அதற்கு ஏற்ற கதையைச் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தால் மன்னிக்கலாம். அடுத்த நாள் சூரன்போர். அம்மா கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள், பிரசாதம் தன்னைக் காப்பாற்றியது என்று. அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணை, ஆர் தந்தது அந்தப் பிரசாதம்?" என்று ஒருவர் கேட்டார். என் வாயை உனக்குத் தெரியும்தானே. கோயில் வாசலில் ஒரு கிழவர் என்றேன். வெள்ளை வேட்டி என்றேன். அடுத்த கிழமை அந்தக் கிழவர் கையில் மயிலிறகு வந்தது. மார்கழியில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தைப்பூசத்துக்குள் அவர் நின்ற இடத்தில் பனி உருகியிருந்தது. வால்தம்ஸ்டோவிலிருந்து இரண்டு குடும்பம் ரயில் ஏறி வந்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனது. ஆம்புலன்ஸ் பெண் கதையிலிருந்தே கழன்றுபோனாள். நீ போனில் அழுதுகொண்டு, "அப்பா, அம்மா என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டாய். உனக்கும் பிரசாதம் என்றுதான் சொன்னேன். நீயும் மதுராவும் கவுன்சில் மண்டபத்தில் கையெழுத்து வைத்தால் போதும் என்று இருந்தவர்கள், அந்தக் கதைக்குப் பிறகுதான் கோயிலில் தாலி கட்டச் சம்மதித்தீர்கள். அந்தச் சம்மதத்துக்குக் கீழே ஒரு மஃபின் இருக்கிறது. இப்போது தெரிந்துகொண்டபிறகு நீங்கள் எங்கே கலியாணம் செய்தாலும் நான் வருவேன், ஒரு சொல் சொல்லமாட்டேன்.

இந்த வருடம் புரட்டாசியில் ஒருநாள் அம்மா மோர்டனில் இருக்கும் உன் பெரியம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கும் சீனி வருத்தம், அதே குளிசை. பெரியப்பா போனபிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறா. அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. "அக்கா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. இந்த முறை நீங்களும் விரதம் பிடியுங்கோ. குளிசையைக் காலமை போடுங்கோ, அது பிரச்சினை இல்லை. மிச்சத்தை முருகன் பாப்பார். என்னைப் பாத்தவர்தானே?"

தம்பி, நான் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். பெரியம்மா ஐந்தாம் நாள் பகல் மூன்று மணிக்குத் தன் குசினியில் நின்று, ஒருவரும் இல்லாத வீட்டில், பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதை என் காதால் கேட்டேன். மயிலிறகுக் கிழவர் அங்கே வரமாட்டார். அவருக்கு மோர்டன் பாதை தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே வீடு என் வாய்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவந்து, அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மேசையில் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"இது என்னப்பா?"

"நீர் அண்டைக்குச் சாப்பிட்டது."

கத்தியை வைத்தாள். கண்ணாடியைப் போட்டாள். உறையை எடுத்து, நான் வேலையில் ஒருநாளும் வாசிக்காத பக்கத்தையும் சேர்த்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"முட்டை எண்டு கிடக்கு."

"ஓம்."

"தெரிஞ்சே குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அந்தக் கிழவர்?"

"கிழவர் இல்லை."

"மயிலிறகு?"

"அதுவும் இல்லை."

"நேற்றும் ஐயரிட்டை அந்த மனுசனைப் பற்றித்தானே கதைச்சனான்!" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "ஏனப்பா?" என்று கேட்டாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தித் தொடங்கினேன். "அந்த நேரம், இஞ்சேரும், வானமே இடிஞ்சு விழுந்தமாதிரி..."

"வானத்தை விடுங்கோ. அண்டைக்குச் சொன்னதை நான் கேக்கேல்லை. அடுத்த நாள் ஏன் சொல்லேல்லை? அதுக்கடுத்த நாள்? ஒரு வருசமா நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

இந்தக் கடிதத்தில் உனக்குப் புத்தி என்று ஏதும் சொல்ல எனக்கு உரிமை இருந்தால் அது இந்த இடத்தில்தான். பயத்தில் ஒரு பொய் வாயில் வந்துவிடும். எனக்கு வந்தது, உனக்கும் வரும், மதுராவுக்கும் வரும். அதை அடுத்த நாள் காலையில் தேத்தண்ணியோடு திருத்திவிடு. ஒருநாள் பழசான பொய்யைச் சொல்லிவிடலாம். ஒரு வருடம் பழசானதற்கு வேட்டி கட்டி, மயிலிறகு கொடுத்து, ஊரே கும்பிடத் தொடங்கிவிடுகிறது. இன்னொன்று. அந்த உறைகளில் பாதிக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருக்கும். அச்சடித்தது எல்லாம் உண்மை, ஆனால் அரைவாசி மஃபினின் உண்மை. உன் பெண்சாதியிடம் நீ அப்படிப் பேசாதே. அவள் முழுவதையும் சாப்பிடப்போகிறவள்.

மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில் நான்கு யுகங்கள் கழிந்தன, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. நாலாம் நாள் காலை கேட்டாள்: "பாதி மஃபினிலை எவ்வளவு முட்டை வரும்?"

"சின்னத் துண்டு. அரைக்கால் முட்டைகூட வராது."

"சரி. முருகனோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். அவர் கண்டும் காணாத மாதிரித்தான் இருந்தவர், எனக்கு ஒண்டும் செய்யேல்லை. அக்காவோடை ஆர் கதைக்கிறது?" போனை எடுத்து இலக்கத்தை அடித்து என் கையில் தந்தாள். "சொல்லுங்கோ."

நான் சொன்னேன். பெரியம்மா கடைசிவரை கேட்டா. முடிந்தபிறகு, "தம்பி, அப்ப அந்த ஆம்புலன்ஸ் பிள்ளை வந்திராட்டி?" என்று கேட்டா.

என் நாக்கில் இருபது உவமை வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை. "அவ இருந்திருக்க மாட்டா, அக்கா" என்றேன். என் பக்கத்தில் நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதை ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

பெரியம்மா, "நான் சாப்பிட்டுப்போட்டே குளிசை போடுறன். நேர்ஸோடையும் கதைக்கிறன்," என்றா. பிறகு, "உமக்கு எப்பவும் வாய்தானே, தம்பி," என்றுவிட்டு வைத்தா.

அம்மாவும் நானும் கிளினிக்குக்குப் போனோம். நேர்ஸ், குளிசை போடும் நாளில் பட்டினி வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னா. அம்மா தலையாட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவுப் பூட்டில் திறப்பைப் போடும்போது சொன்னாள்: "இந்த முறை எனக்காக நீங்கள் பிடியுங்கோ." நான் பெருந்தன்மையோடு, ஆறு நாளும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன், ஒற்றைக்காலில் நிற்பேன் என்றேன். "சாப்பாட்டை விடவேண்டாம்," என்றாள். "கதையை விடுங்கோ. ஆறு நாளும் வாய் திறக்கக்கூடாது."

இன்று மூன்றாம் நாள், தம்பி. அதனால்தான் எழுதுகிறேன். எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. நேற்று நீ போன் எடுத்தபோது அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னாளே, அது அவள் எனக்காகச் சொன்னது. இன்றைக்குள் உனக்குத் திருத்திச் சொல்லிவிடுவாள். அவள் இப்போது எனக்கு எதிரில் இருந்து இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிடுகிற ஒவ்வொரு வாய்க்கும் முருகனிடம் மனதுக்குள் ஏதோ சொல்கிறாள். வாய் அசைவது தெரிகிறது. கேட்கவேண்டும் போல் இருக்கிறது, கேட்க முடியவில்லை.

மதுராவுக்கும் இதைக் காட்டு. நம்பாமல் விட உங்கள் இரண்டு பேருக்கும் முழு உரிமை உண்டு. இத்தனை வருடம் நான் சொன்ன கதைகளுக்கு அதுதான் நியாயம். நான்கு யுகங்களையும் சக்கரவர்த்தியையும் தள்ளிவிடு. ஒரு சின்னப் பகுதியை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள். இதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அவளுக்கு அது நினைவில்லை. அன்றைக்கு மஃபினை அவள் வாயருகே கொண்டுபோகுமுன், அந்த உறையை என்னால் திறக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் அதே உறைகளைத் தொட்ட விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. உன் அம்மா அந்த வியர்வையோடும் நடுக்கத்தோடும் கையை நீட்டி அதை வாங்கி, பல்லால் கடித்துக் கிழித்து, திரும்ப என்னிடமே தந்தாள். "பசிக்குதெல்லே," என்றாள். "நீங்கள் சாப்பிடுங்கோ."

அப்பா